கடனை அடைப்பதா, கைக்காவலுக்குச் சேர்ப்பதா?

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் ஆலிம்களிடம் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி இது. செலவெல்லாம் போக மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ மிஞ்சுகிறது. அதைக் கடனில் கட்டுவதா, ஆபத்து அவசரத்துக்கு என்று எடுத்து வைப்பதா? கடன் தலைக்கு மேல் இருக்கும்போது தனக்கென்று பணம் ஒதுக்கி வைத்தால் அது கடன் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் நேர்மையானவராக இருப்பார். கடனைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு இப்படி ஒரு சந்தேகமே எழாது. எனவே நேர்மையானவருக்கு உதவும் வகையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவர் கடையில் வேலை பார்க்கிறார். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய். வீட்டு வாடகை 5,000. மளிகை, பால், கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 9,000. பிள்ளைகளின் படிப்பும் போக்குவரத்தும் 3,000. கரண்ட், போன், மருந்து 2,000. ஆக, வீட்டுச் செலவு 19,000.

இனி கடன்கள். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது 80,000 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 800. மகளிர் குழுக் கடனுக்கு வாரம் 900, அதாவது மாதம் 3,600. அது முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. மூன்றாவது, மச்சானிடம் கைமாற்றாக வாங்கிய 60,000. இதற்கு வட்டி இல்லை. எல்லாம் போக மிஞ்சுவது 2,600 ரூபாய். ஐந்து வாரம் வரும் மாதத்தில் அதுவும் 1,700 ஆகக் குறைந்துவிடும்.

இந்த 2,600 ரூபாயை என்ன செய்வது?

நிதி ஆலோசனை சொல்பவர்கள் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்கு அது 1,14,000 ரூபாய். மாதம் 2,600 வீதம் சேர்த்தால் 44 மாதம் ஆகும். அதுவரை நகைக்கு வட்டி மட்டும் 35,200 ரூபாய் போயிருக்கும். அசல் அப்படியே நிற்கும். நல்ல சம்பளக்காரருக்குச் சொன்ன ஆலோசனை இவருக்குப் பொருந்தாது. அதைவிட முக்கியம், ஹராமான வட்டியைத் தெரிந்தே 44 மாதம் நீட்டிக்கொண்டு போவது ஒரு முஸ்லிமுக்குத் தகுமா என்பது.

அப்படியானால் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் நகைக்கடனில் கட்டிவிடலாமா? பக்தியுள்ள சகோதரர்கள் பலர் எடுக்கும் முடிவு இது. வட்டியிலிருந்து விடுபட வேண்டும் என்ற அவர்கள் வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் நான்காவது மாதம் பிள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிறது. கையில் காசில்லை. நகை ஏற்கெனவே அடகில். மச்சானிடம் மறுபடி கேட்க வாய் வராது. அப்போது போய் நிற்கும் இடம் பத்து ரூபாய் வட்டிக்காரர் வாசல்தான். அவரிடம் வாங்கும் 10,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,000 ரூபாய். நகைக்கடன் 80,000 முழுவதற்கும் கட்டிக்கொண்டிருந்த வட்டியைவிட இது அதிகம்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கையில் 10,000 ரூபாய் இல்லாத ஒரே காரணத்தால், வட்டியை விட்டு ஓட நினைத்தவர் அதைவிடக் கொடிய வட்டியில் போய் விழுகிறார். இப்படிப்பட்ட வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் சட்டத்தையா நினைப்பார்?

எனவே நாம் சொல்வது இதுதான்: வட்டிக் கடனை அடைப்பது கடமை. அந்தக் கடமையைப் பாதியில் முறிந்துபோகாமல் நிறைவேற்றத் தேவையான அளவுக்கு, அந்த அளவுக்கு மட்டும், முதலில் கைக்காவல் வேண்டும்.

சேர்த்து வைப்பது தவக்குலுக்கு எதிரானதா?

சிலர் இதை ஈமானோடு முடிச்சுப் போடுகிறார்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். நாளைக்கென்று எடுத்து வைப்பது நம்பிக்கைக் குறைவு என்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம் பழங்களை விற்று, தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் யார்? அப்படி ஒதுக்கியதையும் தேவையுடையோருக்குக் கொடுத்து, ஆண்டு முடியும் முன்பே தீர்த்துவிடுவார்கள் என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆக, ஒதுக்கி வைப்பதும் சுன்னத்; ஒதுக்கியதன்மீது பூதம் காப்பதுபோல் உட்கார்ந்திருக்காமல் இருப்பதும் சுன்னத்.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் செய்ததும் இதே ஏற்பாடுதான். விளைச்சல் உள்ள ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, பஞ்சம் வரும் ஏழு ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளும்படி வழி சொன்ன வரலாற்றைக் குர்ஆன் (12:47-48) எடுத்துரைக்கிறது. தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கிய கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள், தம் தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் சொத்து முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தபோது, ஒரு பகுதியைத் தமக்காக வைத்துக்கொள்வதே அவருக்கு நல்லது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் நாம் அறிந்ததே.

ஆனால் இவை கடன் இல்லாதவருக்கான ஆதாரங்கள் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடனாளியின் நிலை வேறுதான். நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். கடனிலிருந்து ஏன் இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் கூறினார்கள் (புகாரி). கடன் தவணை நாளில் போனை எடுக்காமல் இருப்பவர்களுக்கு இந்த ஹதீஸின் பொருளை விளக்க வேண்டியதில்லை. உஹுத் மலை அளவு தங்கம் கிடைத்தாலும் மூன்று நாளுக்குமேல் அதில் எதையும் தம்மிடம் தங்க விடமாட்டேன் என்று சொன்ன நபியவர்கள், கடனை அடைப்பதற்காக எடுத்து வைப்பதை மட்டும் அதிலிருந்து விலக்கிச் சொன்னார்கள்.

அப்படியென்றால் கடனாளி ஒரு ரூபாய்கூட வைத்துக்கொள்ளக் கூடாதா? ஃபிக்ஹு நூல்களில் 'முஃப்லிஸ்' பற்றிய பாடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். சொத்தைவிடக் கடன் மிகுந்துவிட்ட ஒருவரின் உடைமைகளை நீதிபதியே விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் நிலை அது. அந்தக் கடைசிக் கட்டத்தில்கூட அவருக்கும் அவர் பராமரிப்பில் உள்ளவர்களுக்கும் தேவையான உடையும் உணவும் விட்டுவைக்கப்படும். எவ்வளவு விடலாம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பங்கிடும் நாளின் உணவோடு நின்றுவிடுகிறது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. குடும்பத்தின் அத்தியாவசியம் கடனுக்கு முந்தியது. அந்த அத்தியாவசியத்தின் அளவு நாம் ஆசைப்படுவதைவிட மிகச் சிறியது.

மச்சானின் அறுபதாயிரம்

நம் உதாரணக் குடும்பத்தில் மூன்று கடன்கள் இருந்தன. மூன்றில் எது கடைசியாக அடைபடும் என்று யாரைக் கேட்டாலும், மச்சானின் கடன் என்றே சொல்வார்கள். குழுக் கடன்காரர் வாரம் தவறாமல் வீட்டு வாசலுக்கு வருவார். நகைக்கடன் கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும், நகை ஏலத்துக்குப் போகும். மச்சான் நோட்டீஸ் அனுப்ப மாட்டார். பெருநாளைக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுப் போய்விடுவார்.

வட்டி வாங்கிப் பாவம் செய்பவருக்குப் பணம் தேதி தவறாமல் போய்ச் சேருகிறது. அல்லாஹ்வுக்காக அழகிய கடன் கொடுத்தவர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிறார். கர்ளன் ஹஸனா கொடுக்க இன்று ஆள் இல்லை என்று மேடைதோறும் வருத்தப்படுகிறோம். கொடுத்தவருக்கு நேர்ந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பின்வாங்குகிறார்கள்.

வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. கைமாற்றுக் கடனில் தவணை பேசியிருந்தாலும், கொடுத்தவர் தமக்குத் தேவை வந்தால் முன்னதாகவே கேட்கலாம் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலைப்பாடு. மாலிக்கீ மத்ஹபில் பேசிய தவணை இருதரப்பையும் கட்டுப்படுத்தும். எந்த மத்ஹபின்படி பார்த்தாலும், தவணை கடந்த பிறகு, அவருக்குத் தெரியாமல் பணத்தைப் பதுக்கி வைத்துக்கொண்டு "கையில் ஒன்றும் இல்லை மச்சான்" என்று சொல்வதற்கு இடமில்லை. அது சேமிப்பு அல்ல, பொய்.

எனவே கைக்காவல் சேர்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது, வட்டியில்லாமல் கொடுத்தவரிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்வது. "நகை வட்டியில் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் அதை மீட்டுவிடுகிறேன். வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் வைத்திருக்கிறேன். அதுவரை மாதம் ஐந்நூறு தருகிறேன், பிறகு சேர்த்துத் தருகிறேன், சம்மதமா?" என்று கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான மச்சான்கள் சம்மதிப்பார்கள். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதைக் குர்ஆன் (2:280) வலியுறுத்துவதால் அவருக்கும் அதில் நன்மை உண்டு. அவர் சம்மதிக்காமல், தம் மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவை என்று சொன்னால்? அப்போது அத்தியாவசியச் செலவுக்கு மேல் நம்மிடம் இருப்பது அவருடையது. கசப்பாக இருந்தாலும் அதுதான் சட்டம்.

வரிசை

இப்போது கணக்குக்குத் திரும்புவோம். மச்சானிடம் பேசியாகிவிட்டது. முதல் நான்கு மாதம் மிஞ்சும் பணத்தைக் கைக்காவலாகச் சேர்க்கிறார்கள். ஏறக்குறைய 10,000 ஆகிறது. மச்சானுக்கு மாதம் ஐந்நூறு தொடங்குவது ஐந்தாம் மாதத்திலிருந்து. அந்த மாதம் முதல் நகைக்கடனின் அசலில் 2,000. ஐந்து வார மாதம் வந்தால் அந்த மாதம் மட்டும் அசலில் கொஞ்சம் குறையும். நகையைத் திருப்பும்போதுதான் மொத்தமாகக் கட்ட முடியும் என்று பலர் நினைத்துக்கொண்டு ஆண்டுக்கொருமுறை வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கிறார்கள். பல வங்கிகளில் அசலில் பகுதி பகுதியாகவும் கட்டலாம். கேட்டுப் பார்க்க வேண்டும்.

எட்டாம் மாதம் குழுக் கடன் முடிகிறது. இந்த இடத்தில்தான் குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. வாரம் 900 மிஞ்சத் தொடங்கியதும் புதுக் குழுக் கடன், புது பிரிட்ஜ், புதுத் தவணை என்று ஆரம்பித்துவிடுகிறது. அப்படிச் செய்யாமல், விடுபட்ட 3,600 ரூபாயையும் பழைய 2,600-உடன் சேர்த்தால் 6,200. அதில் 4,500 நகைக்கு, 1,000 மச்சானுக்கு, 700 கைக்காவலுக்கு. இப்படிப் போனால் இரண்டு ஆண்டில் நகை வீட்டுக்கு வந்துவிடும். கைக்காவலும் இருபதாயிரத்தைத் தாண்டியிருக்கும். அதன்பின் மச்சானின் மீதிக் கடன் ஏழெட்டு மாதத்தில் முடிந்துவிடும்.

இடையில் காய்ச்சலோ சம்பளத் தாமதமோ வந்து கைக்காவல் கரைந்தால், அதை மீண்டும் நிரப்பும்வரை அசல் கட்டுவதை நிறுத்திக்கொள்ளலாம். அதற்காகத்தானே வைத்தோம்.

இதைவிட விரைவான வழி ஒன்று உண்டு. ஆனால் பெண்களுக்குப் பிடிக்காது. அடகில் உள்ள நகையில் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்டுவிடுவது. மூன்று ஆண்டாக மறு அடகு வைத்துக்கொண்டே போகும் நகைக்கு இதுவே சிறந்தது. 1,50,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம் மூன்று ஆண்டில் கட்டிய வட்டி 54,000. அந்தப் பணமும் போய், நகையும் கழுத்தில் இல்லை. ஆனால் ஒன்றைக் கணவன்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். மஹராகவோ தாய்வீட்டுச் சீராகவோ வந்த நகை மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து சம்மதிக்காமல் அடகு வைக்கவோ விற்கவோ கணவருக்கு உரிமை இல்லை. கடனாகக் கேட்டு வாங்கி, விற்றால், அது கணவர் மனைவிக்குத் தரவேண்டிய கடனாக நிற்கும். நம் உதாரணக் குடும்பத்துக்கு மூன்று கடன் என்றோம், உண்மையில் நான்கு. நான்காவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எது அவசரம்?

ஆஸ்பத்திரி, வேலை இழப்பு, சம்பளத் தாமதம், மவுத்துக்குப் புறப்பட வேண்டிய திடீர்ப் பயணம், ஒழுகும் கூரை. இவைதான் அவசரம். பெருநாள் துணி அவசரம் அல்ல. பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்தாலும், ரமளான் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் அப்படியே. இவற்றுக்கு மாதாமாதம் இருநூறு முந்நூறு என்று தனி உறையில் போட வேண்டும். கைக்காவலில் கை வைக்கக் கூடாது. சுன்னத் கல்யாணம், பூப்பு நீராட்டு, வளைகாப்பு என்ற பெயரில் நடக்கும் விருந்துகளைப் பற்றி வேறொரு கட்டுரையில்தான் பேச வேண்டும்.

உம்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. தவணை கடந்த கடனை வைத்துக்கொண்டு, கொடுத்தவரிடம் கேட்காமலேயே உம்ராவுக்குப் புறப்படும் பழக்கம் பெருகிவருகிறது. கடன் இருக்கும்போது தர்மத்தைவிடக் கடனை அடைப்பதே முந்தியது என்பதை இமாம் புகாரி அவர்கள் ஜகாத் பாடத்தில் தனித் தலைப்பிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். கடமையான ஹஜ்ஜுக்கே கடன் நீங்கிய வசதி நிபந்தனை என்னும்போது, உம்ராவுக்கு எப்படி மனம் வருகிறது?

கைக்காவல் பணத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அரிசிப் பானையில் வைத்தால் அடுத்த வாரமே கரைந்துவிடும். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று வாங்கும்போதே ஒரு பகுதி போய்விடும். அவசரம் வந்தால் விற்கவும் மனம் வராமல் திரும்ப அடகுக் கடைக்கே போவோம். ஏ.டி.எம். கார்டை வீட்டில் வைத்துவிட்டு, போனில் பணம் அனுப்பும் செயலியோடு இணைக்காத தனி வங்கிக் கணக்கு நல்லது. அதில் விழும் வட்டியை நம் செலவில் சேர்க்காமல், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டு, மாதம் ஒருவர் முழுப் பத்தாயிரத்தையும் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்வதில் வட்டி இல்லை. ஒருவருக்கொருவர் கொடுக்கும் கடன்தான் அது. வட்டிக் கடனில் இருப்பவருக்கு முதல் முறையை விட்டுக்கொடுத்தால் பெரிய உதவி. ஏலச் சீட்டில் பத்தாயிரத்தை எட்டாயிரத்துக்குத் தள்ளி எடுத்துவிட்டுப் பத்தாயிரமாகக் கட்டுவது வட்டியைப் போன்றதே, தவிர்ந்துகொள்ள வேண்டும்.

மருத்துவச் செலவின் பயத்தைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு பதிந்துகொள்ள வேண்டும். நம் உதாரணக் குடும்பம் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆனால் தகுதி இருந்தும் இன்னும் அட்டை எடுக்காதவர்கள் நம் முஹல்லாக்களில் உண்டு.

ஜமாஅத்தார் கவனத்துக்கும் ஒன்று. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு (9:60). ரமளானில் அரிசி மூட்டையும் சேலையும் கொடுத்து முடிப்பதைவிட, முஹல்லாவில் உண்மையிலேயே அடைக்க வழியற்ற பத்துப் பேரின் வட்டிக் கடனை விசாரித்து அடைத்துவிடுவது ஜகாத்தின் நோக்கத்துக்கு நெருக்கமானது. வட்டியில்லா நகைக்கடன் கொடுக்கும் பைத்துல்மால்கள் சில ஊர்களில் நன்றாக நடக்கின்றன. அங்கே வாங்கிய கடனைத் திருப்பித் தருவதிலும் மச்சான் கடனுக்கு நேரும் கதியே நேர்ந்தால் அவை மூடப்படும்.

கடைசியாக ஒரு நோட்டு. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது. யாருக்கு எவ்வளவு, எப்போது வாங்கியது, எவ்வளவு கொடுத்தாயிற்று, அடகு ரசீது எந்தப் பெட்டியில், கைக்காவல் எந்தக் கணக்கில் என்று ஒரு நோட்டில் எழுதி, மனைவிக்கும் வயது வந்த பிள்ளைக்கும் காட்டி வைக்க வேண்டும். ஜனாஸா வீட்டில் "இவருக்கு யாராவது பணம் தரவேண்டுமா, இவர் யாருக்காவது தரவேண்டுமா?" என்று இமாம் கேட்கும்போது, குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த நோட்டைத் திறந்து பதில் சொல்லலாம்.